2400 கேவி மோட்டாரைத் தொட்டால் ஷாக் அடிக்குமா?

பெருந்துறைப் பக்கமிருந்து ஒரு பாலிடெக்னிக் தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, மொதல் ரேஸிங் ட்ரோன் கட்டலாம்னு இருக்கறனுங்க. மோட்டார்ல 2400 கேவின்னு போட்டிருக்குது. தொட்டா ஷாக் அடிக்காதுங்களா?"

சிரிக்க வேண்டாம். சத்தீஸ்கரிலிருந்து நம்ம புகளூருக்கு வரும் ராட்சச லைனே 800 கேவிதான், அப்புறம் விரல் நீள மோட்டாரில் 2400 என்றால் யாருக்கும் பயம் வரும். ஆனால் இந்தக் கேவி கிலோவோல்ட் இல்லை. ப்ரொப்பெல்லர் மாட்டாத மோட்டார், ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று சுற்றும் என்ற கணக்கு, அவ்வளவுதான்.

மற்ற சாமான்களில் மண்டையைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 5 அங்குல கார்பன் ஃபைபர் ஃபிரேம், 2207 அளவு (உள்ளே இருக்கும் காயில் பகுதி 22 மி.மீ. அகலம், 7 மி.மீ. உயரம்) மோட்டார் நான்கு, மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி நான்கும் ஒரே பலகையில் வரும் வகை, பீட்டாஃப்ளைட் என்ற பறக்கும் சாஃப்ட்வேர் ஓடும் கன்ட்ரோலர், விலை குறைந்த அனலாக் கேமரா, இது போதும். எப்படியும் முதல் மாதம் தென்னை மரத்தில்தான் மோதப்போகிறீர்கள்.

பேட்டரியையும் கேவியையும் மட்டும் ஜோடி பார்த்து வாங்குங்கள். 4எஸ் என்றால் நான்கு செல் சீரிஸில் உள்ள பேட்டரி, 14.8 வோல்ட். 6எஸ் என்றால் ஆறு செல், 22.2 வோல்ட். 2400-ஐ 14.8-ஆல் பெருக்கினால் 35,520 சுற்று, 1600-ஐ 22.2-ஆல் பெருக்கினாலும் அதே 35,520. எனக்குக் கேட்டால் 6எஸ்தான், ஏனென்றால் அதே சக்திக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆம்பியர் போதும், ஒயர் சூடு ஆம்பியரின் வர்க்கத்தில் ஏறுவதால் அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். இதைப் படித்தவன்தான் நானும், இருந்தும் ஆஃபரில் கிடைத்ததே என்று 4எஸ்ஸுக்கான மோட்டாரை 6எஸ்ஸில் போட்டு ஓட்டி, வீடு பூராவும் வைண்டிங் கடை மாதிரி வார்னிஷ் தீய்ந்த வாசம். முதல் நாள் நண்பன் திருஷ்டிக்கு எலுமிச்சம்பழம் வேறு கட்டியிருந்தான். பழம் காப்பாற்றவில்லை, எடையைத்தான் கூட்டியது.

சரி, எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். இந்த மோட்டாருக்கு மூன்று ஒயர். தோட்டத்தில் போர் மோட்டார் உள்ளவர்களுக்குப் பழகின சங்கதிதான், த்ரீ ஃபேஸ். மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் எலக்ட்ரீஷியன் இரண்டு ஃபேஸை மாற்றிக் கொடுப்பாரே, இங்கேயும் ஏதாவது இரண்டு ஒயரை மாற்றிப் பற்றவைத்தால் திசை மாறிவிடும். ஆனால் த்ரீ ஃபேஸ் கரண்டுக்கு ராத்திரி முழித்திருக்க வேண்டியதில்லை, பேட்டரி கரண்டிலிருந்து ஈஎஸ்சியே அதைத் தயாரிக்கிறது. ஈபி கரண்ட் விநாடிக்கு 50 சைக்கிள். ட்ரோன் மோட்டாரின் மூடியில் 14 காந்தம், அதாவது 7 ஜோடி. நிமிடத்துக்கு 24,000 சுற்று என்றால் விநாடிக்கு 400, அதை ஏழால் பெருக்கினால் 2,800 சைக்கிள். ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஆறு முறை கரண்ட் ஓடும் காயிலை மாற்ற வேண்டும், ஆக விநாடிக்கு 16,800 முறை.

மாற்றும் நேரம் சரியாக இருக்க காந்தம் எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டும். அதற்கு சென்சார் எதுவும் கிடையாது! எந்த நேரத்திலும் இரண்டு காயிலில்தான் கரண்ட் ஓடும், மூன்றாவது சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருக்கும் காயிலைக் காந்தம் கடக்கும்போது டைனமோவில் போல அதில் கொஞ்சம் வோல்ட் பிறக்கிறது. அது நடுப்புள்ளியைத் தாண்டும் கணத்தை ஈஎஸ்சி ஒட்டுக் கேட்டு, ஒரு மாற்றத்துக்கும் அடுத்ததுக்கும் உள்ள நேரத்தில் பாதி பொறுத்து, அடுத்த காயிலுக்கு மாற்றிவிடுகிறது. வேலையில்லாதவனே உளவாளி. மோட்டார் நிற்கும்போது மட்டும் கேட்க ஒன்றுமில்லை, அதனால் குருட்டாம்போக்கில் ஒரு தள்ளு தள்ளிப் பார்க்கும். கிளம்பும்போது லேசாக உதறுவது அதனால்தான்.

பம்பு செட்டுக்குப் பேர்போன கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு, நான் வாங்கிய ட்ரோன் மோட்டார் எல்லாம் சீனாவிலிருந்து வந்தது எரிச்சலாகத்தான் இருக்கிறது. கல்லூரிகளில் விழா மேடைக்குப் போகும் காசில் கொஞ்சம் காந்த ஆராய்ச்சிக்குப் போனால் தேவலை.

தம்பிக்கு இன்னும் இரண்டு. பேட்டரியோடு 250 கிராமைத் தாண்டிவிடும், எனவே அரசு விதியில் உள்ள நானோ என்ற மிகச் சிறிய ட்ரோன் வகையில் சேராது. எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் பறக்கவிடுங்கள், சூலூர் விமானப்படைத் தளத்துப் பக்கம் வேண்டவே வேண்டாம். அப்புறம், முதல் தடவை கரண்ட் கொடுக்கும் முன் ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, வைண்டிங் கடைக்காரர் சீரிஸ் பல்பு போடுவது போல 24 வோல்ட் லாரி இண்டிகேட்டர் பல்பு ஒன்றை பேட்டரி ஒயரில் சீரிஸாகப் போடுங்கள். பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட், உடனே பிடுங்குங்கள். மினுக்கிவிட்டு மங்கினால் நான்கு மோட்டாரும் சேர்ந்து பீப்பீ என்று பாடும். ஸ்பீக்கர் எங்கே என்று தேடாதீர்கள், அதே காயிலைத்தான் ஈஎஸ்சி அதிரவைக்கிறது.