சீட் போஸ்ட் வாங்கும் முன் பழையதைக் கழற்றிப் பாருங்கள்

போன ஐப்பசி அடைமழையில் ஒரு கல்லூரித் தம்பி கியர் சைக்கிளை உருட்டிக்கொண்டு கடைக்கு வந்தான். கையில் புத்தம்புது அலுமினிய சீட் போஸ்ட், அதாவது சீட்டைத் தாங்கி ஃபிரேமுக்குள் இறங்கும் குழாய், ஆன்லைனில் வாங்கியது. “அண்ணே, உள்ளேயே போக மாட்டேங்குது. லேசா தட்டி இறக்கிக் கொடுங்க” என்றான். வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்தேன். போஸ்ட் 31.6 மி.மீ. ஃபிரேம் குழாயின் உள்வாய் 28.6. மூன்று மில்லிமீட்டரைச் சுத்தியலால் சரிக்கட்ட முடியுமா?

“எதைப் பார்த்துத் தம்பி ஆர்டர் போட்டே?”

“கிளாம்ப்ல 31.8னு எழுதியிருந்துச்சுண்ணே. அது கிடைக்கல. கிட்டத்துல இதுதான் இருந்துச்சு.”

கும்பகோணத்தில் 20 வருடத்துக்கும் மேலாகச் சைக்கிள் பழுது பார்க்கிறேன். சீட் போஸ்ட் விஷயத்தில் அதிகம் பேர் காசை விடுவது இந்த இடத்தில்தான். போஸ்டை இறுக்க ஃபிரேம் வாயைச் சுற்றிப் போடும் வளையம்தான் கிளாம்ப். அதில் இருக்கும் எண் ஃபிரேம் குழாயின் வெளி அளவு. போஸ்ட் போவது குழாய்க்கு உள்ளே. 31.8 கிளாம்ப் இருந்தால் உள்ளே பெரும்பாலும் 27.2 அல்லது 28.6 போஸ்ட் இருக்கும். 34.9 கிளாம்ப் என்றால் 30.9 அல்லது 31.6. இதையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம், குழாயின் தடிமனைப் பொறுத்து மாறும். அதனால்தான் சொல்கிறேன், முதலில் பழையதைக் கழற்றுங்கள்.

கழற்றும் முன் ஃபிரேம் வாய் இருக்கும் இடத்தில் பழைய போஸ்டைச் சுற்றி ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். உங்கள் சீட் உயரம் அப்புறம் தேடாமல் கிடைக்கும். வெளியே எடுத்ததும் அடிப்பகுதியைத் துடைத்துப் பாருங்கள். பல போஸ்ட்களில் அங்கேயே 27.2, 30.9 என்று அளவு பொறித்திருக்கும். இல்லாவிட்டால் தேயாத, கீறல் விழாத இடத்தில் வெர்னியர் வைத்து இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். போஸ்டே உடைந்து போயிருந்தால் ஃபிரேமின் உள்வாயை அளக்கலாம். ஆனால் விளிம்பில் அளந்தால் தப்பாக வரும். கிளாம்பை இறுக்கி இறுக்கி அந்த இடம் நெளிந்திருக்கும்.

எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் எல்லாவற்றையும் நூல் கணக்கில்தான் சொல்வார். ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல். பழைய கறுப்புச் சைக்கிளில் சீட் மாட்டும் கழுத்து ஏழு நூல், அதாவது 22.2 மி.மீ. அந்தக் காலத்துச் சைக்கிளுக்கு அது போதும். இன்றைய போஸ்ட்கள் 0.2 மி.மீ. வித்தியாசத்தில் ஒவ்வொரு அளவாக வருகின்றன. ஒரு நூல் என்பதே மூன்று மில்லிமீட்டருக்கு மேல். நூல் கணக்கும் கண் கணக்கும் இங்கே எடுபடாது.

பெரிய போஸ்ட் உள்ளே போகாது, அதனால் ஆபத்தும் இல்லை. சின்னதுதான் வம்பு. அது சமத்தாக உள்ளே இறங்கிவிடும். நாலு நாள் ஓட்டியதும் சீட் தானாகக் கீழே இறங்கும், கிறீச் கிறீச்சென்று கத்தும். உடனே கிளாம்பை இறுக்குவோம். மறுபடி இறங்கும், மறுபடி இறுக்குவோம். கடைசியில் ஃபிரேம் வாயில் இறுக்குவதற்காக விட்டிருக்கும் வெட்டு மடங்கிப் போகும், இல்லாவிட்டால் விரிசல் விடும். குளிர்பானக் கேன் தகரத்தை வெட்டிச் சுற்றி நானும் சில சைக்கிள்களை ஓட்டி அனுப்பியிருக்கிறேன், மறைப்பானேன். அது வீடு போய்ச் சேரும் வரைக்கும்தான். நிரந்தரமாக வேண்டுமென்றால் இதற்கென்றே விற்கும் அலுமினிய உறை வாங்குங்கள். உங்கள் ஃபிரேம் 30.9 அல்லது 31.6 ஆக இருந்து அந்த அளவில் மலிவாக எதுவும் சிக்கவில்லையா? எங்கும் கிடைக்கிற 27.2 போஸ்டும் அதற்குத் தக்க உறையும் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம். உறை குட்டையாக இருக்கக் கூடாது, எட்டு பத்து சென்டிமீட்டராவது வேண்டும். உறையின் வெட்டும் ஃபிரேமின் வெட்டும் ஒரே நேரில் வரும்படி மாட்டுங்கள்.

அடுத்தது நீளம். விட்டம் தப்பினால் காசு போகும், நீளம் தப்பினால் எலும்பு போகும்.

பந்தக்கால் நட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முழக் குழி தோண்டாமல் சாண் குழியில் மூங்கிலை நட்டால் முதல் காற்றுக்கே சாயும். சீட் போஸ்டும் அப்படித்தான். வெளியே நிற்கும் நீளம் ஒரு நெம்புகோல். உள்ளே இருக்கும் நீளம் குறையக் குறைய, அத்தனை விசையும் குழாயின் மேல் விளிம்பிலும் வெல்டிலும் போய் விழும். போஸ்டில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச நுழைவுக் கோடு இதற்காகத்தான். அந்தக் கோடு வெளியே தெரிந்தால் அந்தச் சைக்கிளில் ஏறாதீர்கள். கோடு உள்ளே மறைந்தால் மட்டும் போதாது. போஸ்டின் அடிமுனை, மேல் குறுக்குக் குழாய் வந்து சேரும் வெல்டையும் தாண்டிக் கீழே இறங்கியிருக்க வேண்டும். பத்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் உள்ளே இருக்கட்டும் என்பது என் கணக்கு.

எங்கள் ஊர்ப்பக்கம் இது ஏன் அடிக்கடி நடக்கிறது தெரியுமா? எட்டாவது படிக்கும்போது பையனுக்குக் கியர் சைக்கிள் வாங்கிக் கொடுக்கிறார்கள். பிள்ளை கன்னி வாழை மாதிரி வளர்ந்துவிடுகிறான். சைக்கிள் வளருமா? வருடத்துக்கு ஒரு தடவை சீட்டைத் தூக்கிக்கொண்டே போவார்கள். போஸ்டில் மண்ணும் கிரீஸும் அப்பியிருப்பதால் கோடு யார் கண்ணுக்கும் படாது. இப்படி ஓட்டிய ஒரு பையன் அரசலாற்றுக் கரையில் ஒரு பள்ளத்தில் இறக்கினான். போஸ்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஃபிரேமில் சீட் குழாய் வெல்டுக்கு மேலே பிளந்துகொண்டது. வயலில் தண்ணீர் கட்டியிருந்ததால் சேற்றில்தான் விழுந்தான், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அலுமினிய ஃபிரேம், பற்றவைத்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. உள்ளே இறங்கியிருந்த நீளத்தை அவன் அப்பாவிடம் அளந்து காட்டினேன். நாலு சென்டிமீட்டர்.

சரி, எவ்வளவு நீளம் வாங்குவது? பெடலைக் கீழே கொண்டுவந்து குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுதான் சுமாரான சீட் உயரம். அந்த உயரத்தில் சீட்டின் கீழ்க்கம்பியிலிருந்து ஃபிரேம் வாய் வரை அளவு டேப் பிடியுங்கள். 22 செ.மீ. வருகிறது என்று வையுங்கள். 300 மி.மீ. போஸ்ட் வாங்கினால் உள்ளே எட்டு செ.மீ.தான் மிஞ்சும், அதனால் 350 வாங்குங்கள். விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. அதற்காக 400 வாங்கி நெட்டுக்குத்தாக இறக்கவும் முடியாது. சில ஃபிரேம்களில் சீட் குழாய் நடுவில் வளைந்திருக்கும், தண்ணீர்ப் பாட்டில் மாட்டும் திருகு உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். போஸ்ட் அதில் போய் முட்டும். 400 போட்டும் உயரம் பற்றவில்லை என்றால் குறை போஸ்டில் இல்லை. பையனுக்குப் பெரிய ஃபிரேம் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

இரும்பா அலுமினியமா என்று கேட்பார்கள். கையில் காசு குறைவென்றால் இரும்பு போதும். கொஞ்சம் கனம் கூடும், அவ்வளவுதான். தாளாதபோது இரும்பு பெரும்பாலும் முதலில் வளைந்து காட்டும், அலுமினியம் சொல்லாமல் கொள்ளாமல் முறியும். அதனால் செகண்ட் ஹேண்டில் அலுமினிய போஸ்டை நான் யாருக்கும் வாங்கச் சொல்வதில்லை. சீட்டைப் பிடிக்கும் தலைப்பகுதியை மட்டும் கவனித்து வாங்குங்கள். ஒற்றை போல்ட்டும் பல் வைத்த வட்டும் உள்ள மலிவு ரகத்தில் பல் தேய்ந்துவிட்டால் சீட் மூக்கு மேலும் கீழும் ஆடும். உடம்பு கனத்தவர்கள் நூறு இருநூறு கூடக் கொடுத்தாவது இரண்டு போல்ட் ரகம் வாங்குவது நல்லது. ஸ்பிரிங் வைத்த போஸ்ட், பொத்தானை அழுத்தினால் இறங்கும் டிராப்பர் போஸ்ட் பற்றியெல்லாம் பிள்ளைகள் கேட்கிறார்கள். கொள்ளிடம் பாலத்து ஏற்றம்தான் நமக்கு மலை. அதற்கு எதற்கு டிராப்பர்?

மாட்டும்போது கிரீஸ் தடவாமல் மாட்டாதீர்கள். கார்பன் சாமான் என்றால் இது பொருந்தாது, அதற்குத் தனிப் பசை உண்டு. இரும்பு ஃபிரேமுக்குள் அலுமினிய போஸ்ட், நடுவில் ஈரம், அதில் கொஞ்சம் உப்பு என்றால் இரும்போடு ஒட்டியிருக்கும் அலுமினியம் அரித்து, அதில் வெள்ளைப் பூப்பு பொங்கி, போஸ்ட் கல்லாக இறுகிவிடும். தரங்கம்பாடி, நாகப்பட்டினம் பக்கமிருந்து வரும் சைக்கிள்களில் இதை நிறையப் பார்க்கிறேன். ஒரு போஸ்டை எடுக்க மூன்று நாள் எண்ணெய் ஊற்றிக் காத்திருந்தேன், கடைசியில் அறுத்துத்தான் எடுத்தேன். வருடத்துக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னும் பின்னும், கழற்றித் துடைத்துக் கிரீஸ் போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

அந்தத் தம்பி பார்சலைத் திருப்பி அனுப்பிவிட்டு 28.6-இல் 350 நீளப் போஸ்ட் ஒன்று வாங்கிக்கொண்டான். மாட்டி முடித்ததும், பின்சக்கரம் வாரியடிக்கும் சேறு ஃபிரேம் வெட்டு வழியாக உள்ளே இறங்காமல் இருக்க, பழைய பஞ்சர் ட்யூபில் நாலு விரல் துண்டு வெட்டிக் கிளாம்பின் மேல் இழுத்து மாட்டினேன். “இதுக்கு எவ்வளவுண்ணே?” என்றான். பழைய ட்யூபுக்கு யார் காசு வாங்குவார்கள்.