ரேஞ்சர்: காட்டுச் சொல்லைப் பூங்காவுக்கு எப்படிச் சொல்வது?

‘அவன் ரேஞ்சே வேற’ என்றால் தகுதி. கொடைக்கானல் மலைப்பாதையில் ‘ரேஞ்ச் கிடைக்கல’ என்றால் செல்போன் சிக்னல். ‘ரேஞ்ச் ஆபீஸ்ல சொல்லுங்க’ என்றால் வனச்சரக அலுவலகம். நம் ரேஞ்சர் இந்த மூன்றாவது ஆபீஸ்காரர். வெளிநாட்டு நகரங்களில் ‘பார்க் ரேஞ்சர்’ என்றொரு பதவி இருக்கிறது. அதைத் தமிழில் எழுதும்போது பலர் ‘பூங்கா வனச்சரகர்’ என்று போட்டுவிடுகிறார்கள். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருப்பவர் அதைப் படித்தால், வனத்துறை அதிகாரி பூங்காவைப் பார்த்துக்கொள்கிறார் என்றே நினைப்பார்.

பழைய பிரெஞ்சில் ‘ராங்’ என்றால் வரிசை. அதிலிருந்து ஆங்கிலத்தில் ‘ரேஞ்ச்’ வந்தது: வரிசையாக நிறுத்துவது, பிறகு ஓர் இடத்தில் அங்குமிங்கும் சுற்றித் திரிவது. சுற்றித் திரிபவர் ரேஞ்சர். இடைக்கால இங்கிலாந்தில் அது அரசுப் பதவியானது. அரசரின் வேட்டைக் காட்டிலிருந்து அதன் விளிம்பு நிலங்களுக்கு வழிதவறி வந்த மான்களைத் திரும்பக் காட்டுக்குள் விரட்டுவதுதான் ரேஞ்சரின் முதல் வேலை. பின்னர் லண்டனின் அரச பூங்காக்களுக்கும் ரேஞ்சர்கள் வந்தார்கள். அமெரிக்கத் தேசியப் பூங்காக்கள் அந்தப் பெயரை உலகறியச் செய்தன. நியூயார்க் மாநகரம் 1979இல் ‘நகரப் பூங்கா ரேஞ்சர்’ படையை அமைத்தது. பூங்காவைச் சுற்றி வருவது, விதிகளைச் சொல்வது, இயற்கையைப் பற்றி விளக்குவது, அடிபட்ட விலங்கைக் கவனிப்பது எல்லாம் ஒரே ஆளின் பொறுப்பு.

இந்தியாவுக்கு வந்தபோது சொல் வேறு பாதை பிடித்தது. டேராடூனில் 1878இலும் கோவையில் 1912இலும் தொடங்கிய வனப் பள்ளிகள் ரேஞ்சர்களைப் பயிற்றுவித்தன. இங்கே ‘ரேஞ்ச்’ என்பது நிர்வாக எல்லை ஆகிவிட்டது. சுற்றித் திரிபவர் என்ற பொருள் மறைந்து, ஓர் எல்லைக்குப் பொறுப்பானவர் என்ற பொருள் நின்றது. தமிழ் அரசு வழக்கும் அதைத்தான் எடுத்துக்கொண்டது: ரேஞ்ச் என்றால் வனச்சரகம், ரேஞ்சர் என்றால் வனச்சரகர். காவல்துறையிலும் சரகம் உண்டு. அங்கும் பொருள் ஆளுகை எல்லைதான். (புதிதாகப் படிப்பவர்களுக்கு ‘சரகர்’ என்றதும் ஆயுர்வேத மருத்துவர் நினைவுக்கு வந்தால் குற்றமில்லை.)

வனச்சரகருக்குக் கீழே வனவர், அவருக்குக் கீழே வனக்காப்பாளர், பிறகு வனக்காவலர். பேச்சில் பாரஸ்டர், கார்டு, வாச்சர். வனக்காப்பாளர் நடந்து பார்க்கும் பகுதிக்குப் பேச்சில் ‘பீட்’, எழுத்தில் ‘காவல் சுற்று’. ஆங்கில ரேஞ்சருக்குள் இருந்த ‘திரிதல்’ தமிழில் சரகருக்குப் போகவில்லை, இந்தச் ‘சுற்று’ என்ற எளிய சொல்லில் வந்து உட்கார்ந்திருக்கிறது. சொல்லைத் தேடுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

இனி மலைக்கு வருவோம். 1848இல் உருவாகத் தொடங்கிய ஊட்டி அரசு தாவரவியல் பூங்கா, 1874இன் குன்னூர் சிம்ஸ் பூங்கா, 1908இல் உருவான கொடைக்கானல் பிரையண்ட் பூங்கா மூன்றும் தோட்டக்கலைத் துறையின் கையில் இருக்கின்றன. பிரையண்ட் ஒரு வனத்துறை அதிகாரி. ஆனால் அவர் பெயர் தாங்கிய பூங்கா இன்று வனத்துறையில் இல்லை. இங்கே ‘பார்க் ரேஞ்சர்’ என்று ஒரு பதவி கிடையாது. அந்த வேலையைத் தோட்டக்கலை அலுவலர், பூங்காத் தொழிலாளர், வாச்சர், தேவைப்பட்டால் அழைக்கப்படும் வனத்துறையினர் எனப் பலர் பங்கிட்டுச் செய்கிறார்கள். பெயர் இல்லை என்பதால் வேலை இல்லை என்றாகாது.

உறைபனிக் காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரி அதிகாலையில் ஊட்டியில் புல்வெளி வெள்ளையாக இருக்கும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கித் தாழ்வான இடத்தில் தேங்கும். அதனால் மேல் அடுக்குப் பாத்திகள் தப்பிக்க, கீழ்ப் புல்வெளிதான் அடிவாங்கும். மாலையே நாற்றுகளை மிலார் செடிக் கிளைகளாலோ போர்வையாலோ மூட வேண்டும். வெயில் படுவதற்கு முன் புல்லுக்குத் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்துவிட வேண்டும். வெயில் ஏறிய பிறகு தெளித்தால், உறைந்த இலை அதற்குள் சட்டென்று இளகிக் கருகியிருக்கும். இதைவிட முக்கியம், பனி உருகும்வரை யாரையும் புல்லில் இறங்க விடக் கூடாது. உறைந்த புல் நொறுங்கும் தன்மை கொண்டது. காலடி பட்ட இடத்தில் செல்கள் உடையும். அன்று ஒன்றும் தெரியாது. சில நாளில் செருப்பு அளவுக்கு அச்சு அச்சாகப் பழுப்புத் தடம் தெரியும். போட்டோவுக்காக ஓடி இறங்கும் பயணிக்கு இதை முகம் சுளிக்காமல் சொல்வது தனித் திறமை.

தென்மேற்குப் பருவமழையில் கவலை மரத்தின் மேல். சாய்ந்திருப்பதை எல்லோரும் பார்ப்பார்கள். தெரிந்தவர் அடிமரத்தைப் பார்ப்பார்: காற்று வரும் பக்கத்து வேர்மண்ணில் புதிய வெடிப்பு, மண் சற்றே தூக்கி நிற்பது, தண்டின் அடியில் தட்டுத் தட்டாகக் காளான். மண் மழையில் ஊறியபின் வேர்ப்பிடி தளரும், பெரிய காற்று வேண்டியதில்லை. மரத்தின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குக் கயிறு கட்டி ஆட்களை விலக்கிவிட்டுத்தான் மற்றவர்களை அழைக்க வேண்டும். மர உயரத்துக்கு மட்டும் கட்டினால், விழும்போது தெறிக்கும் கிளைகள் கணக்கில் வராமல் போகும்.

அடுத்தது காட்டுமாடு. செய்தித்தாள்கள் ‘காட்டெருமை’ என்று எழுதுகின்றன. அது எருமை அல்ல, மாட்டினம். மலைக்காரர் சொல்லும் காட்டுமாடுதான் சரி. கொடைக்கானலில் அது ஏரிச்சாலையிலேயே நடந்து போகும். பூங்காவுக்குள் வந்துவிட்டால் சத்தம் போட்டு விரட்டுவது மோசமான வழி. அது வந்த வழி எது, போகும் வழி எது என்று பார்த்து, அந்தக் கதவைத் திறந்துவைத்து, ஆட்களை எதிர்ப்பக்கம் நகர்த்தி, விட்டுவிட வேண்டும். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, முதுகை உயர்த்திக்காட்டி நின்றால் அது போஸ் அல்ல, எச்சரிக்கை. ‘புஸ்’ என்று மூச்சு விட்டால் இன்னும் பின்வாங்க வேண்டும். சுற்றி வளைத்து வீடியோ எடுப்பதால்தான் முட்டு விழுகிறது. அதற்கு ஓட இடம் விட்டிருக்க மாட்டார்கள். ஒரு வேடிக்கை: காட்டிலிருந்து வழிதவறியதைக் காட்டுக்கே திருப்புவது, இங்கிலாந்தின் முதல் ரேஞ்சர் செய்த அதே வேலை.

தமிழுக்கு இந்த வேலை புதிதா என்ன? குறிஞ்சித் திணைப் பாடல்களில் தினைப்புனம் காக்கும் பெண்கள் இதண் என்ற பரணில் ஏறி நின்று, தட்டை, தழல், குளிர் என்ற கருவிகளால் ஒலி எழுப்பிக் கிளிகளை ஓட்டுகிறார்கள். அரணைச் சூழ்ந்த காவற்காட்டுக்கு மிளை என்று பெயர். ‘பூங்கா’விலேயே ‘கா’ இருக்கிறது: சோலை என்ற பொருளில். காப்பாற்று என்ற பொருளிலும் கா உண்டு. உருவம் ஒன்று என்பதற்காக வேரும் ஒன்று என்று கட்டிவிடக் கூடாது. ஆனாலும் பூங்காவும் காப்பும் காதுக்கு நன்றாகவே சேர்கின்றன. சோலையோ இன்னும் ஒரு படி மேல்: நீலகிரி, பழனி மலைகளின் உயர்மலைக் காட்டுக்கு ஆங்கிலத் தாவரவியலாளர்களே நம் சொல்லை எடுத்து ‘ஷோலா’ என்கிறார்கள்.

ஆகவே ‘பார்க் ரேஞ்சர்’ என்பதற்குப் பூங்காக் காப்பாளர் என்பதே பொருந்தும். ‘பூங்காக் காவலர்’ என்றால் போலீஸ்காரரோ வாசலில் டிக்கெட் கிழிப்பவரோ என்று படும். ‘பூங்காப் பராமரிப்பாளர்’ என்றால் புல்வெட்டும் வேலை மட்டும் மிஞ்சும், விதியைச் சொல்லும் அதிகாரம் போய்விடும். விடுதிக் காப்பாளர் ஏற்கெனவே இருக்கிறாரே என்றால், வனக்காப்பாளரும்தான் இருக்கிறார். முன்னால் நிற்கும் சொல் வேறுபாட்டைக் காட்டிவிடும். அவர் நடந்து பார்க்கும் பகுதிக்குப் ‘பூங்காச் சுற்று’ என்று எழுதலாம். ஆண், பெண் இருவருக்கும் இந்தச் சொல் பொது. எழுதும்போது நடுவில் ‘க்’ விட்டுவிட வேண்டாம். அமெரிக்கத் தேசியப் பூங்காவைப் பற்றி எழுதும் இடத்தில் மட்டும், பெருங்காடும் சேர்ந்து வருவதால், ‘ரேஞ்சர்’ என்றே விட்டுவிடுவது மேல்.