வெடிக்காத மூளை அனியூரிசம்: காப்பீட்டுத் திட்டத்தில் காயிலிங்குக்கு முன் கவனிக்க வேண்டியவை

மூளை ரத்தக்குழாயின் சுவர் ஓரிடத்தில் பலவீனமாகிப் பை போலப் புடைத்து நிற்பதுதான் அனியூரிசம். அது வெடித்துவிட்டால் உயிர்தான் முதலில், காகிதமெல்லாம் பிறகு. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் வெடிக்காத நிலையில் தென்பட்டிருந்தால் கதை வேறு. அந்தப் பையை உள்ளிருந்து அடைக்கும் காயிலிங் திட்டமிட்டுச் செய்யும் சிகிச்சை என்பதால், காப்பீட்டுத் திட்டத்தின் முன் அனுமதி கிடைத்த பிறகே செய்ய வேண்டும்.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டமும் 2018 முதல் இணைந்து நடக்கின்றன. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டை, ஆதாருடன் ஆட்சியர் அலுவலகக் காப்பீட்டு மையத்தில் பதியலாம். குடும்ப அட்டையில் நோயாளியின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பலருக்கு வேலை நிற்பது அங்கேதான். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்ற காப்பீட்டு வரம்பு மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்து. அதே ஆண்டில் வீட்டில் வேறு யாராவது பயன்படுத்தியிருந்தால் மீதித் தொகை எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள்.

முன் அனுமதிக்கு மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவுதான் விண்ணப்பிக்கும். சி.டி. ஆஞ்சியோ அல்லது டி.எஸ்.ஏ. (இரண்டும் ரத்தக்குழாய்களைக் காட்டும் பரிசோதனைகள்) படங்களோடு, புடைப்பின் இடம், அளவு, அது ரத்தக்குழாயோடு சேரும் வாயின் அகலம், ஏன் இப்போதே சிகிச்சை தேவை என்பதெல்லாம் டாக்டரின் குறிப்பில் இருக்க வேண்டும். மூளையின் முன்பக்க ரத்தக்குழாய்களில் 7 மி.மீ.க்குக் குறைவான புடைப்பு என்றால், பல நேரம் ஸ்கேன் எடுத்துக் கண்காணித்தாலே போதும். அதனால் காரணம் எழுதாத விண்ணப்பத்துக்குக் கேள்வி வருவது நியாயம்தான்.

வாய் அகலம் ஏன் முக்கியம்? தொடை அல்லது மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, நூல் போன்ற பிளாட்டினச் சுருள்களைப் பைக்குள் திணித்து அடைப்பதுதான் காயிலிங். வாய் குறுகலாக இருந்தால் சுருள் உள்ளேயே நிற்கும். 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் அகன்றிருந்தால் சுருள் ரத்தக்குழாய்க்குள் நழுவி வந்து அதையே அடைத்துவிடலாம். அப்போது சுருளை உள்ளே தாங்கிப் பிடிக்க பலூனோ ஸ்டென்டோ (வலைக்குழாய்) துணைக்கு வேண்டும். ஆயுஷ்மான் பாரத் சிகிச்சைப் பட்டியலில் காயிலிங் தொகைக்குள் முதல் 3 காயில்களும் (சுருள்கள்), தேவைப்பட்டால் பலூன் அல்லது ஸ்டென்டும் அடக்கம். அதற்கு மேல் போடும் ஒவ்வொரு காயிலுக்கும் தனிக் கணக்கு. கொஞ்சம் பெரிய புடைப்புக்கு 3 போதாது என்பது சகஜம். எனவே உத்தேச எண்ணிக்கையை விண்ணப்பத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

ஃப்ளோ டைவர்ட்டர் வேறு வகை. பைக்குள் எதையும் வைக்காமல், தாய்க் குழாயில் நெருக்கமான வலைக்குழாயைப் பொருத்தி ரத்த ஓட்டத்தையே திசை மாற்றுவது. சிகிச்சைப் பட்டியலின் காயிலிங் வரியில் இதன் பெயர் இல்லை. டாக்டர் இதைப் பரிந்துரைத்தால், பட்டியலின் எந்தச் சிகிச்சைக் குறியீட்டில் அனுமதி கேட்கிறீர்கள், நாங்கள் கட்ட வேண்டியது ஏதாவது உண்டா என்று சேரும் முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

ஸ்டென்ட், ஃப்ளோ டைவர்ட்டர் இரண்டுக்கும் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் மாத்திரைகளைப் பொதுவாகச் சில நாள் முன்பே தொடங்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம். அனுமதி தேதி தெரியாமல் சேர்க்கை தள்ளிப்போனால், மாத்திரையைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதை டாக்டரிடம் கேளுங்கள். ஆயுஷ்மான் பாரத் விதிப்படி வீடு திரும்பிய பின் 15 நாள் மருந்து தொகுப்பில் சேர்ந்தது. மாத்திரையோ மாதக்கணக்கில் ஓட வேண்டியது. 16-ஆம் நாள் தீர்ந்துவிட்டதே என்று நிறுத்துவதுதான் மிக ஆபத்தான தவறு. முன்கூட்டியே அரசு மருத்துவமனையில் வாங்க ஏற்பாடு செய்யுங்கள்.

பொருத்திய காயில், ஸ்டென்டின் விவரம் உள்ள ஸ்டிக்கர் நகலையும் ஆஞ்சியோ படங்கள் பதிந்த குறுந்தகட்டையும் கேட்டு வாங்குங்கள். பின்னாளில் எம்.ஆர்.ஐ. எடுப்பவர் அந்த ஸ்டிக்கரைத்தான் முதலில் கேட்பார். பல மையங்களில் 6 மாதம் கழித்து எடுக்கும் ஆஞ்சியோவில் காயில் அமுங்கியிருக்கிறதா என்று ஒப்பிட அந்தக் குறுந்தகடு வேண்டும்.

அனுமதி வந்த சிகிச்சைக்குக் கூடுதல் பணம் கேட்டால் ரசீது கேளுங்கள். 1800 425 3993 அல்லது 14555-இல் புகார் பதிந்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தீராவிட்டால் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குறைதீர் குழுவுக்கு அந்த எண்ணோடு எழுதலாம்.