ஒப்படைப்புக்குள் வெளிக்கருவி: மதிப்பெண் வழியிலேயே தங்கிவிடுவது ஏன்?

இணையவழிப் பாடத்தளங்களில் ஆசிரியர்களுக்குத் தொழில்நுட்ப உதவி செய்யும் வேலையில் இருக்கிறேன். பருவ இறுதி நெருங்கும்போது ஓர் அழைப்பு மட்டும் சொல் மாறாமல் வரும்: "எல்லாரும் பயிற்சியை முடித்துவிட்டார்கள், மதிப்பெண் ஏட்டில்தான் ஒன்றையும் காணோம்."

அப்படி அழைத்த ஓர் ஆசிரியரிடம் திரையைப் பகிரச் சொன்னேன். பயிற்சி நடந்த வெளிக்கருவியின், அதாவது பாடத்தளத்துக்கு வெளியே தனியாக இயங்கும் பயிற்சித் தளத்தின், பக்கத்தில் 42 பெயர்களும் அவற்றுக்கு எதிரே மதிப்பெண்களும் ஒழுங்காக இருந்தன. பாடத்தளத்தின் ஏட்டில் அதே 42 பெயர்களுக்கு எதிரே வெறும் கோடுகள். ஒப்படைப்பைத் திறந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. சமர்ப்பிக்கும் முறையாக 'வெளிக்கருவி' என்பதைத் தேர்ந்தெடுக்காமல், விளக்கப் பெட்டியில் கருவியின் இணைய முகவரியை ஒட்டி, "இங்கே சென்று முடிக்கவும்" என்று எழுதியிருந்தார். மதிப்பெண்களைக் கோப்பாக இறக்கி மொத்தமாக ஏற்றிவிடலாம் என்று பார்த்தால், கருவியில் மாணவர்கள் தாங்களாகவே கணக்குத் தொடங்கியிருந்ததால் பாதிப் பேரின் பெயர் ஏட்டில் உள்ளபடி இல்லை. கடைசியில் ஒவ்வொன்றாகக் கையால்தான் ஏற்ற வேண்டியிருந்தது.

ஒட்டப்பட்ட முகவரி மாணவரைக் கருவியின் வாசலில் கொண்டுபோய் விடும். வந்தவர் யார், எந்த ஒப்படைப்புக்காக வந்தார் என்பதைக் கருவிக்குச் சொல்லாது. அதைச் சொல்வதற்காகவே எல்டிஐ என்ற பொதுத் தரநிலை இருக்கிறது. 2010 முதல் புழக்கத்தில் இருக்கும் இதனை, முன்பு ஐஎம்எஸ் குளோபல் என்ற பெயரில் இயங்கிய ஒன்எட்டெக் அமைப்பு பராமரிக்கிறது. மூடுல், கேன்வாஸ், பிளாக்போர்டு போன்ற தளங்கள் இதனை ஏற்கின்றன. இந்த முறையில் இணைத்த ஒப்படைப்பை மாணவர் திறந்தவுடன், அவருடைய அடையாள எண், மாணவரா ஆசிரியரா என்ற விவரம், பாடம், அந்தக் குறிப்பிட்ட இணைப்பின் எண் ஆகியவற்றைத் தளம் ஒரு கையொப்பமிட்ட செய்தியாகக் கருவிக்கு அனுப்புகிறது. மதிப்பெண்ணை எங்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்ற குறிப்பும் அதோடு செல்லும். 1.1 பதிப்பில் இந்தக் கையொப்பம் இரு தரப்பும் பகிர்ந்துகொண்ட ஒரே இரகசியக் குறியீட்டால் இடப்பட்டது. 2019-இல் வந்த 1.3 பதிப்பு பொதுச் சாவி, தனிச் சாவி என்ற பாதுகாப்பான முறைக்கு மாறியது. இன்னும் பழைய பதிப்பில் இயங்கும் இணைப்புகள் உங்கள் பாடத்தில் இருந்தால், அவற்றை மாற்றித் தருமாறு தள நிர்வாகியிடம் கேட்பது நல்லது.

பழைய 1.1 முறையில் மதிப்பெண் திரும்புவதற்கான குறிப்பு ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியானது. அவர் ஒப்படைப்பின் வழியாக நுழையும்போதுதான் அது கருவியின் கைக்குச் சேரும். கருவியின் பக்கத்தை உலாவியில் புக்மார்க் செய்துகொண்டு முதல் முறையிலிருந்தே நேராக அங்கே போகும் மாணவர் எவ்வளவு நன்றாக எழுதினாலும், அந்த மதிப்பெண்ணுக்குத் திரும்பும் வழி இல்லை. "தளத்தில் உள்ள ஒப்படைப்பின் வழியாக மட்டுமே உள்ளே செல்லுங்கள்" என்ற ஒரு வரியை நான் எல்லா ஒப்படைப்புகளின் தலையிலும் எழுதச் சொல்வது அதனால்தான்.

மதிப்பெண் வந்துசேர்ந்த பிறகும் ஒரு குழப்பம் உண்டு. 1.1 முறையில் கருவி 0 முதல் 1 வரையிலான பின்னத்தை மட்டுமே அனுப்புகிறது. பத்துக்கு 8.5 எடுத்தவருக்கு 0.85 என்று வரும்; ஒப்படைப்பின் மொத்த மதிப்பெண் 20 என்றால் ஏட்டில் 17 என்று பதிவாகும். இது பிழையன்று. ஆனால் மொத்த மதிப்பெண்ணை 0 என்று விட்டுவைத்தால், நூற்றுக்கு நூறு எடுத்தவருக்கும் பூச்சியம்தான் கிடைக்கும்.

சென்ற பருவத்துப் பாடத்தை நகலெடுத்துப் புதிய பருவத்துக்குப் பயன்படுத்துபவர்கள் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும். நகலில் ஒப்படைப்பின் தலைப்பும் விளக்கமும் அப்படியே இருக்கும். உள்ளே இணைப்பின் எண் மாறியிருக்கும். கருவிக்கு அது முன்பின் தெரியாத எண் என்பதால், குறிப்பிட்ட பயிற்சிக்குப் பதிலாகத் தன் முகப்புப் பக்கத்தைக் காட்டும், அல்லது "எந்தப் பயிற்சியை இணைக்க வேண்டும்?" என்று மாணவரிடமே கேட்கும். நகலெடுத்த பின் ஒவ்வொரு ஒப்படைப்பிலும் கருவியைத் திறந்து, அதற்குள்ளிருந்தே பயிற்சியை மறுபடி தேர்ந்தெடுப்பது அலுப்பான வேலைதான். ஆனாலும் இதைத் தவிர்த்தவர்கள் முதல் வாரத்திலேயே என்னை அழைத்திருக்கிறார்கள்.

வெற்றுப் பெட்டி மட்டும் தெரிகிறது என்றோ, திரும்பத் திரும்ப உள்நுழையச் சொல்கிறது என்றோ மாணவர் கூறினால், முதலில் எந்த உலாவி என்று கேளுங்கள். தளத்தின் பக்கத்துக்குள்ளேயே கருவி திறக்கும்போது அதன் குக்கீகள் (உள்நுழைந்தவரை நினைவில் வைக்க உலாவியில் சேமிக்கும் சிறு குறிப்புகள்) அயல்தளக் குக்கீகளாக, அதாவது திறந்திருக்கும் பக்கத்துக்குச் சொந்தமில்லாத வேறொரு தளத்தின் குக்கீகளாகக் கருதப்படும். சஃபாரி 2020 மார்ச் முதல் இவற்றை முழுமையாகத் தடுக்கிறது. கருவியைப் புதிய சாளரத்தில் திறக்கும்படி அமைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மூடுல் போன்ற தளங்களில் மாணவரின் பெயரையும் மின்னஞ்சலையும் கருவிக்குத் தருவதா என்பதை நிர்வாகியோ ஆசிரியரோ தீர்மானிக்கலாம். எல்லாவற்றையும் திறந்துவிடும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. தானாகத் திருத்தும் பயிற்சிக்கு அடையாள எண்ணே போதும். ஆசிரியர் கருவிக்குள் சென்று கட்டுரைகளை வாசித்துத் திருத்த வேண்டுமானால் பெயர் தேவைப்படும். அங்கும் மின்னஞ்சலுக்கு வேலை இல்லாத சந்தர்ப்பங்களே அதிகம்.

ஒப்படைப்பை வெளியிடும் முன் அதனை மாணவர் கணக்கில் முடித்துப் பாருங்கள். ஆசிரியர் கணக்கில் திறந்தால் கருவி ஆசிரியருக்கான பக்கத்தையே காட்டும், மதிப்பெண்ணும் திரும்பாது. நான் ஒரு சோதனை மாணவர் கணக்கைப் பாடத்தில் சேர்த்து, வேண்டுமென்றே ஒரு கேள்வியைத் தவறாக எழுதி, ஏட்டில் முழு மதிப்பெண்ணைவிடக் குறைவான எண் வருகிறதா என்று பார்க்கிறேன். பிறகு கருவியில் உள்ள கடைசி நாளையும் தளத்தில் உள்ள கடைசி நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறேன். ஓர் இடத்தில் மாற்றினால் மற்றதில் தானாக மாறும் என்று நம்புவதற்கில்லை. இரண்டுக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகிறது.