எலும்பு சிமெண்ட் எந்த வழியாகக் கசிகிறது?

வேளச்சேரிப் பக்கம் ஒரு வேகத்தடையில் ஸ்கூட்டர் தூக்கிப் போட்டால் போதும். பின்சீட்டில் இருக்கும் எழுபது வயது அம்மாவின் முள்ளெலும்பு நசுங்கிவிடலாம். எலும்பு அடர்த்தி குறைந்தவர்களுக்குப் பெரிய விபத்தெல்லாம் தேவையில்லை. பெரும்பாலோருக்கு ஓய்வு, வலி மாத்திரை, இடுப்பு பெல்ட் என்று ஆறு முதல் எட்டு வாரங்களில் வலி தணிந்துவிடும். தணியாதவர்களில் சிலருக்குத் தோலில் சில மில்லிமீட்டர் மட்டும் கீறி, ஊசி வழியாக நசுங்கிய எலும்புக்குள் சிமெண்ட் செலுத்துகிறார்கள். இதுதான் வெர்டிப்ரோபிளாஸ்டி. 1984-ல் பிரான்சின் அமியான் நகரில் தொடங்கியது.

யாருக்குச் செய்வது என்பதிலேயே பாதிப் பாதுகாப்பு அடங்கிவிடுகிறது. 2009-ல் வெளியான இரண்டு ஆய்வுகளில், சிமெண்ட் செலுத்தாமல் செலுத்துவதுபோலப் பாவனை மட்டும் செய்யப்பட்ட நோயாளிகளுக்கும் ஏறக்குறைய அதே அளவு வலி குறைந்திருந்தது. எனவே எம்.ஆர்.ஐ. எடுத்து, எலும்புக்குள் நீர்க்கோப்பு இருக்கிறதா, முறிவு புதியதா என்று உறுதி செய்யாமல் இறங்கக்கூடாது. முள்ளெலும்பின் பின்சுவரில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க சி.டி. ஸ்கேன்தான் தெளிவு, எக்ஸ்-ரேயில் அது தப்பிவிடும்.

முள்ளெலும்பின் உட்பகுதி நுண்ணிய எலும்பு இழைகளால் ஆன வலை. இடைவெளிகளில் மஜ்ஜையும் ரத்தமும் நிறைந்திருக்கும். உள்ளே போகும் சிமெண்ட் எங்கே எதிர்ப்பு குறைவோ அங்கேதான் ஓடும். அப்படி ஓட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, முறிவில் உண்டான விரிசல். மேல், கீழ்த் தகடுகளில் விரிசல் இருந்தால் சிமெண்ட் இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையே இருக்கும் டிஸ்க்குக்குள் போகும். பின்சுவரில் இருந்தால் தண்டுவடம் இருக்கும் கால்வாய்க்குள் போகும். இரண்டாவது, சிரைகள். எலும்பின் நடுவிலிருந்து ஒரு பெரிய சிரை பின்சுவரைத் துளைத்து, தண்டுவடத்துக்கு முன்னால் இருக்கும் சிரைப் பின்னலில் சேர்கிறது. அந்தப் பின்னலில் வால்வுகள் கிடையாது. பக்கவாட்டுச் சிரைகளில் ஏறிய சிமெண்ட், முதுகெலும்பை ஒட்டி மார்பில் ஏறும் அசைகஸ் சிரை, இதயத்தின் வலப்பக்கம் என்று போய் நுரையீரலில் அடைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான கசிவுகள் சி.டி.யில் தெரிவதோடு சரி, நோயாளிக்கு எந்தத் தொல்லையும் தருவதில்லை. ஆனால் நரம்பை அழுத்தும் அந்த ஒரு கசிவு எது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

கசிவைக் குறைக்கும் வழிகளில் மிக மலிவானது காத்திருப்பு. விலை உயர்ந்த கருவி எதுவும் இதற்கு ஈடில்லை. சிமெண்ட் என்பது பி.எம்.எம்.ஏ. என்ற அக்ரிலிக் பொடியும், மெத்தில் மெதாக்ரிலேட் திரவமும். கலந்தவுடன் தண்ணீராக இருக்கும். வேதிவினை நடக்க நடக்கக் கெட்டியாகி, சூடாகி, கடைசியில் கல்லாகும். தண்ணீராக இருக்கும்போது செலுத்தினால் விரல்விரலாகப் பிரிந்து சிரைகளைத் தேடிப் போகும். கெட்டியானபின் செலுத்தினால் ஒரே உருண்டையாக எல்லாப் பக்கமும் சமமாக விரியும். ஊசி நுனியில் தொங்கும் துளி கீழே வடியாமல், டூத்பேஸ்ட் போலச் சுருண்டு நுனியிலேயே ஒட்டி நிற்க வேண்டும். அதுவரை கை போகக்கூடாது.

கடிகாரத்தை மட்டும் நம்பினால் சென்னையில் ஏமாற்றம்தான். வெப்பம் ஏறினால் சிமெண்ட் சீக்கிரம் இறுகும். பல தயாரிப்புகளை 25 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்வார்கள். மே மாத வெயிலில் ஆட்டோவில் வந்த பெட்டியை அப்படியே பிரித்துக் கலந்தால் ஊசிக்குள்ளேயே அடைத்துக்கொள்ளும். அடுத்த முறை அந்தப் பயத்தில் நீர்த்த நிலையிலேயே செலுத்திவிடுவார்கள். கசிவு அங்கேதான் பிறக்கிறது. பெட்டியை முந்தைய நாளே அறுவை அரங்கின் குளிருக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். இன்னும் நேரம் வேண்டுமானால் கலந்த சிமெண்டைக் குளிர்ந்த பாத்திரத்தில் வைக்கலாம். இளக வைக்கிறேன் என்று கூடுதல் திரவம் ஊற்றவே கூடாது. விகிதம் மாறினால் வலிமையும் போகும்.

ஊசி போகும் பாதையும் முக்கியம். இடுப்புப் பகுதிக்கு 11 கேஜ், மார்புப் பகுதிக்கு 13 கேஜ் ஊசி வழக்கம் (கேஜ் எண் கூடினால் ஊசி மெலிது). பெடிக்கிள் என்ற குறுகிய எலும்புப் பாலம் வழியாக நுழைய வேண்டும். பக்கவாட்டு எக்ஸ்-ரே படத்தில் நுனி பின்சுவரைத் தாண்டும்வரை, நேர்ப் படத்தில் பெடிக்கிளின் உள்விளிம்பைத் தாண்டக்கூடாது. தாண்டினால் கால்வாய்க்கு நாமே ஓட்டை போட்டதாகிவிடும். முடிவில் நுனி எலும்பின் முன்பக்க மூன்றிலொரு பகுதியில் நிற்க வேண்டும். பெரிய சிரையின் வாய் அப்போது பின்னால் தள்ளிப்போகும்.

செலுத்துவது 1 மி.லி. சிரிஞ்சில், 0.1 முதல் 0.2 மி.லி. வீதம். ஒவ்வொரு தள்ளலுக்கும் சி-ஆர்ம் என்ற நகரும் எக்ஸ்-ரே கருவியில் பக்கவாட்டுப் படம். சிமெண்டில் சுமார் 30 சதவீதம் எக்ஸ்-ரேயில் தெரியும் பேரியம் சல்பேட் இருப்பது இதற்காகத்தான். கறுப்பாகத் தெரியாத சிமெண்ட் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. மார்புப் பகுதியில் 2 முதல் 4 மி.லி., இடுப்பில் 4 முதல் 6 மி.லி. போதும். நிறைய நிரப்பினால் வலி அதிகம் குறையும் என்பதில்லை. படத்தில் சிமெண்டின் நிழல் எலும்பின் பின்பக்கக் கால்பகுதியைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும், சிரிஞ்சில் எவ்வளவு மீதி இருந்தாலும்.

மெல்லிய கோடு ஒன்று வெளியே ஓடுவது தெரிந்தால்? உடனே கையை எடுத்து 30 முதல் 60 விநாடி நிற்க வேண்டும். கசிந்த சிமெண்ட் இறுகி அந்த வழியைத் தானே அடைக்கும். பிறகு நுனியைத் திருப்பியோ சற்று நகர்த்தியோ தொடரலாம்; மீண்டும் அதே கோடு நீண்டால் மறுபக்கப் பெடிக்கிள், அல்லது அத்தோடு போதும்.

கைஃபோபிளாஸ்டி என்ற இன்னொரு முறையில் முதலில் ஒரு பலூனை விரித்துக் குழி உண்டாக்குகிறார்கள். சுற்றிலும் எலும்பு அமுங்கிச் சுவராகிவிடுவதால் கெட்டியான சிமெண்டைக் குறைந்த அழுத்தத்தில் நிரப்பலாம், கசிவும் குறைவு. செலவு பலமடங்கு. சுவரில் விரிசல் இருந்தால் சிறிது கெட்டிச் சிமெண்டை வைத்து, பலூனை மறுபடி விரித்து ஓடுபோலப் பூசி, இறுகியபின் மீதியை நிரப்புவதும் உண்டு.

ஊசியை அவசரமாக உருவினால் பின்னால் சிமெண்ட் வால் ஒன்று தசைக்குள் நீண்டு உறுத்தும். ஊசித் துளைக்குள் முதலில் இருந்த உள்கம்பியைத் திரும்பச் செருகி, ஊசியைச் சுழற்றி வாலை அறுத்தபின் எடுக்க வேண்டும். கிண்ணத்தில் மிச்சமிருக்கும் சிமெண்ட் கல்லாகும்வரை நோயாளி குப்புறப் படுத்தே இருக்கட்டும். உடல் சூட்டில் உள்ளே அதற்கு முன்பே இறுகியிருக்கும். பிறகு கால் விரல்களை அசைக்கச் சொல்லிப் பார்க்கிறார்கள். புதிதாகக் கால் மரத்தாலோ, மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே சி.டி. ஸ்கேன்.