எலியின் சி.ஆர்.பி. வேறு, நம் சி.ஆர்.பி. வேறு

கொழுந்து பறிக்கிற கையில் குளவி கொட்டினால் வீங்குவதற்குப் பத்து நிமிடம் போதும். கவ்வாத்து மலையில் காய்ந்த குச்சி கீறிய காயம் அப்படியல்ல. அன்று மாலை ஒன்றும் தெரியாது. மறுநாள் காலையில்தான் சிவந்து, சூடேறி, கத்தியைப் பிடிக்க விடாமல் வலிக்கும். இரண்டும் அழற்சிதான், ஆனால் பின்னால் நின்று வேலை செய்யும் பொருட்கள் வேறு. குளவி நஞ்சிலேயே, வீக்கத்தைக் கிளப்பும் ஹிஸ்டமின் என்ற பொருள் இருக்கிறது. போதாததற்கு நம் தோலிலுள்ள மாஸ்ட் கலங்கள் சேர்த்து வைத்திருக்கும் ஹிஸ்டமினையும் அது வெளியே இழுத்துவிடுகிறது. குச்சிக் கீறலில் கிருமி பெருக வேண்டும், வெண்குழியங்கள் வந்து சேர வேண்டும், அவை புரதங்களைத் தயாரித்து வெளியிட வேண்டும். அதற்கு மணிக்கணக்கில் ஆகும்.

ஆய்வுகூடங்களில் இந்த நேர வரிசையை எலியின் பாதத்தில் பார்க்கிறார்கள். 1962இல் விண்டர், ரிஸ்லி, நஸ் மூவரும் வெளியிட்ட முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. வீக்கத்தை உண்டாக்குவது கராஜீனன். சிவப்புக் கடற்பாசியிலிருந்து எடுப்பது. ஐஸ்கிறீமைக் கெட்டியாக்கச் சேர்ப்பதும் இந்த இனப் பொருள்தான். இதில் லாம்டா வகையைத்தான் எடுக்க வேண்டும், மற்ற வகைகள் கூழாக உறைந்து ஊசியை அடைத்துவிடும். 10 மில்லிலீற்றர் உப்புக்கரைசலில் 100 மில்லிகிராம் தூவி, கட்டி தட்டாமல் நன்றாகக் கலக்கி ஊற விடுவார்கள். அதில் 0.1 மில்லிலீற்றர் பின்காலின் உள்ளங்காலில் ஏற்றப்படும். சோதிக்க வேண்டிய மருந்து அதற்கு ஒரு மணி நேரம் முன்பே வாய்வழியாகக் கொடுக்கப்பட்டிருக்கும். பிறகு மணிக்கு ஒரு தடவை பாதத்தை நீர் நிரப்பிய குழாயில் அமிழ்த்தி, எவ்வளவு நீர் ஏறுகிறது என்று அளப்பார்கள்.

வீக்கத்தை உண்டாக்க உடல் வெளியிடும் பொருட்கள் முறை வைத்து வரும். முதல் மணி நேர வீக்கம் ஹிஸ்டமின், செரட்டோனின் இரண்டின் வேலை. அடுத்து பிராடிகைனின். மூன்றாவது மணிக்குப் பிறகு புரொஸ்டகிளாண்டின். ஒப்பீட்டுக்குக் கொடுக்கும் வலி மாத்திரையான இண்டோமெதசின் புரொஸ்டகிளாண்டினைத்தான் தடுக்கும் என்பதால், முதல் மணியில் அது பெரிதாக எதையும் குறைக்காது. ஒரு மூலிகைச் சாறு முதல் மணியில் மட்டும் வீக்கத்தைக் குறைத்தால் அதை ஹிஸ்டமினைத் தடுக்கும் அலர்ஜி மாத்திரைக்குப் பக்கத்தில் வைக்கலாம், வலி மாத்திரைக்குப் பக்கத்தில் அல்ல. நம் கருந்தேயிலையையும் இலங்கை ஆய்வாளர்கள் எலிப்பாத முறையில் சோதித்திருக்கிறார்கள்.

சோதனை கெட்டுப்போவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில். ஊசியை உடனே உருவினால் கராஜீனன் துளை வழியே கசியும். கணுக்காலில் மையால் கோடு போடாவிட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் ஆழத்தில் அமிழும். ஈரமான உரோமமும் கணக்கில் ஏறும். எந்த எலிக்கு என்ன கொடுத்தது என்று அளப்பவருக்குத் தெரிந்திருந்தால், கண் தன்னையறியாமல் விரும்பிய பக்கம் சாயும்.

நீர்மட்டம் வீக்கத்தைச் சொல்லும், செய்தி கொண்டுபோன புரதத்தைச் சொல்லாது. அதற்குக் குருதி வேண்டும். பற்றீரியாவின் மேலுறைப் பொருளான எல்.பி.எஸ்.ஸைச் சுண்டெலிக்கு ஏற்றினால், டி.என்.எஃப். என்ற புரதம் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் உச்சிக்குப் போய் வேகமாக இறங்கிவிடும். இன்னொரு செய்திப் புரதமான இன்டர்லூக்கின் 6 அதற்குப் பின்தான் உச்சியைத் தொடும். ஆறாவது மணியில் மட்டும் குருதி எடுத்து, டி.என்.எஃப். இல்லை, ஆகவே அழற்சியும் இல்லை என்று எழுதினால் அது பஸ் போன பிறகு தரிப்பிடத்தில் நின்று, இங்கே பஸ்ஸே வராது என்று சொல்வது போல. ஒரே சுண்டெலியில் மணிக்கு மணி எடுக்கவும் முடியாது. 25 கிராம் சுண்டெலியின் மொத்தக் குருதி ஏறத்தாழ 2 மில்லிலீற்றர். ஒரு தடவைக்கு அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.2 மில்லிலீற்றர்தான் எல்லை. ஆகவே ஒவ்வொரு நேரத்துக்கும் தனித்தனிச் சுண்டெலிக் கூட்டம் தேவைப்படுகிறது.

புரதத்தை அளப்பது 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில். குழியின் அடியில் ஒட்டியிருக்கும் பிறபொருளெதிரி புரதத்தைப் பிடிக்கும். மேலே இன்னொரு பிறபொருளெதிரி வந்து உட்காரும். அதன் முதுகில் ஏறிய நொதியம் நிறத்தை உண்டாக்கும். முதலில் நீலம், அமிலம் விட்டதும் மஞ்சள். 450 நானோமீற்றர் ஒளியில் எவ்வளவு மஞ்சள் என்று கருவி படிக்கும். இடையில் கழுவுவதில் சோம்பல்பட்டால் வெறும் குழியும் மஞ்சளாகும். கையேட்டில் ‘அறை வெப்பநிலை’ என்று போட்டிருப்பது 20 முதல் 25 பாகை செல்சியஸ். சூடேற்றாத நுவரெலியா அறை அதைவிடக் குளிர். அங்கே நீலம் மெதுவாகத்தான் வரும். அளவு தெரிந்த மாதிரிகளையும் அதே தட்டில், அதே நேரத்தில் ஓட்டினால் இரண்டும் சேர்ந்தே மந்தமாகும், கணக்கு தப்பாது. அதைவிடச் சூடான பேராதனையில் அந்த மாதிரிகளைக் கொண்டு போட்ட வளைகோட்டை வைத்து நுவரெலியாத் தட்டைப் படித்தால் எல்லாப் புரதமும் குறைவாகவே தெரியும்.

இனி சி.ஆர்.பி. என்ற அழற்சிப் புரதம். காய்ச்சலோடு போனால் டாக்டர் குருதிப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுக்கிறாரே, அதேதான். 1930இல் டில்லெட், பிரான்சிஸ் இருவரும் நிமோனியா நோயாளிகளின் குருதியில் கண்டது. இன்டர்லூக்கின் 6 போய்த் தட்டியதும் ஈரல் இதைத் தயாரிக்கத் தொடங்கும். சுமார் ஆறு மணி நேரத்தில் ஏற ஆரம்பித்து, இரண்டு நாளில் உச்சிக்கு வரும். நமக்கு வழக்கமாக லீற்றருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே இருப்பது, கடும் தொற்றில் நூறு மடங்குக்கு மேலும் போகும். எலியின் கதையோ தலைகீழ். நோயில்லாத எலியிலேயே லீற்றருக்குச் சில நூறு மில்லிகிராம் இருக்கிறது, அழற்சி வந்தால் அது கொஞ்சம்தான் கூடும். எலியில் தாவி ஏறுவது ஆல்பா 2 மக்ரோகுளோபுலின் என்ற புரதம். சுண்டெலியில் சீரம் அமிலோயிட் ஏ. எலிக்குச் சி.ஆர்.பி. பார்த்து மருந்து வேலை செய்கிறதா என்று முடிவெடுப்பவர் தவறான மணியை ஆட்டிப் பார்க்கிறார்.

குளிரை இன்னும் விடவில்லை. சுண்டெலிக்கு இதமான வெப்பநிலை 30 பாகைக்குப் பக்கம். நமக்குச் சுகமாக இருக்கும் பேராதனை அறையே அதற்குக் குளிர்தான். குளிரில் உடற்சூட்டைக் காப்பாற்றவே உணவில் பெரும்பங்கு செலவாகும். கணிசமான அளவு எல்.பி.எஸ். ஏற்றினால், இதமான அறையில் காய்ச்சல் வரும் அதே சுண்டெலிக்குக் குளிர்ந்த அறையில் உடற்சூடு இறங்கிவிடும். பயமும் இப்படித்தான். கூட்டைத் திறந்து பிடித்த மூன்று நிமிடத்துக்குள் குருதி எடுக்காவிட்டால் கோட்டிகொஸ்டெரோன் ஏறும். அது அழற்சிப் புரதங்களை அமுக்கும் ஓமோன்.

கூட்டுக்கு 8 முதல் 10 கிராம் கடதாசிக் கீற்றுப் போட்டால் சுண்டெலி இரவோடு இரவாக அதைக் கூரை வைத்த கிண்ணமாகக் கட்டிக்கொண்டு உள்ளே சுருண்டு படுக்கும். காலையில் கீற்று போட்டபடியே கிடந்தால், தட்டில் மஞ்சள் வருவதற்கு முன்பே தெரிந்துவிடும், அந்தச் சுண்டெலிக்கு உடம்பு சரியில்லை என்று.