பேஸ் லைனை நாமே வாசித்துவிட்டால் அது நம்முடையதா?

"சாம்பிள் எதுவும் எடுக்கல சார், எல்லாம் நாங்களே வாசிச்சதுதான்." மிக்ஸிங்குக்கு, அதாவது பதிவான ஒலிகளைச் சேர்த்துச் சமன்செய்ய, பாட்டு கொண்டுவரும் இளைஞர்கள் அடிக்கடி சொல்வது இது. சாம்பிள் என்றால் வேறொருவரின் ஒலிப்பதிவிலிருந்து அப்படியே வெட்டி எடுத்த துண்டு. கேட்டுப் பார்த்தால் ஏதோ ஒரு பழைய ஹிட்டின் பேஸ் லைன் (பேஸ் கிட்டாரின் தாழ்ந்த சுர வரிசை) அப்படியே உட்கார்ந்திருக்கும். அவர்களே வாசித்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அதோடு பிரச்சினை தீர்ந்துவிடாது. இதைச் சட்டப் பாடமாகச் சொன்னால் யார் காதிலும் ஏறுவதில்லை. அதனால் நான் ‘குட் டைம்ஸ்’ பாட்டைப் போட்டுக் காட்டுவேன்.

1979இல் வந்த பாட்டு. ஷீக் என்ற குழு. கிட்டார் நைல் ராட்ஜர்ஸ், பேஸ் பெர்னார்ட் எட்வர்ட்ஸ், டிரம்ஸ் டோனி தாம்ப்சன். எழுதியதும் தயாரித்ததும் முதல் இருவர். பதிவு நடந்தது நியூயார்க்கின் பவர் ஸ்டேஷன் ஸ்டுடியோவில். பெயருக்கேற்ப, முன்பு மின்நிலையமாக இருந்த கட்டடம். ஒலிப்பதிவு பாப் கிளியர்மவுன்டன். ஆகஸ்டில் ஒரு வாரம் பில்போர்டு பட்டியலில் முதலிடம். அதற்கு முந்தைய மாதம்தான் சிகாகோவில் ஒரு பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்திருந்தார்கள். டிஸ்கோவுக்கு அவ்வளவு எதிர்ப்பு இருந்த நேரம்.

பாட்டில் இருப்பது இரண்டே கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு: ஈ மைனர் செவன்த் இரண்டு பார் (ஒரு பார் என்பது நான்கு தட்டு), ஏ இரண்டு பார். மொத்தம் நான்கு பார், அது திரும்பத் திரும்ப வரும். வேகம் நிமிடத்துக்குச் சுமார் 111 தட்டு. காலால் அடிக்கும் கிக் டிரம் டிஸ்கோவுக்கே உரியபடி ஒவ்வொரு தட்டிலும் விழுகிறது. அதற்கு மேலே எட்வர்ட்ஸ் செய்வதுதான் ஃபங்க் என்ற தாளத்தை முன்னிறுத்தும் இசைப்பாணி. முதலில் ஒரே சுரத்தில் மூன்று அடி. அப்புறம் ஒரு இடைவெளி. அதன் பிறகு மெல்ல மேலேறி அடுத்த கார்டில் போய் இறங்குவார். அந்த இடைவெளியில்தான் கால் தானாக ஆடும். இதை இன்றைய பையன்கள் வாசிக்கும்போது முதலில் செய்யும் காரியம், அந்த இடத்தை எதையாவது போட்டு நிரப்புவது. அடக்கிவைப்பதற்குள் எனக்குப் பாதி நாள் போய்விடும்.

கிட்டாரும் லேசுப்பட்டதில்லை. ராட்ஜர்ஸின் வலது கை பதினாறாம் பிரிவுகளில், அதாவது ஒரு தட்டுக்கு நான்கு அசைவாக, நிற்காமல் மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கும். எது ஒலிக்க வேண்டும், எது வெறும் ‘சிக்’ என்று அமுங்க வேண்டும் என்பதை இடது கை தீர்மானிக்கும். மேலே தந்திக் கருவிகள், கைத்தட்டல், பெண் குரல்கள். நீண்ட வடிவத்தில், நடுவில் ஒவ்வொரு கருவியாக விலகி பேஸும் டிரம்ஸும் கைத்தட்டலும் மட்டும் மிஞ்சும் ஒரு பகுதி உண்டு. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். இரண்டு இசைத்தட்டுகளை வைத்து ஒரே துண்டை மாற்றி மாற்றி ஓட்டிய நியூயார்க் டிஜேக்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அதே ஆண்டு செப்டம்பரில் ஷுகர்ஹில் கேங் குழுவின் ‘ராப்பர்ஸ் டிலைட்’ என்ற ராப் பாட்டு வந்தது. அதில் ஓடுவது ‘குட் டைம்ஸ்’ பேஸ் லைன்தான், ஆனால் அதை இசைத்தட்டிலிருந்து வெட்டி எடுக்கவில்லை. ஸ்டுடியோவில் ஆட்களை உட்கார வைத்து வாசிக்க வைத்தார்கள். நம் பையன்கள் சொல்லும் அதே வாதம் அங்கேயும் இருந்தது. ஆனால் ராட்ஜர்ஸும் எட்வர்ட்ஸும் வழக்குப் போடுவோம் என்றதும் சமரசமாகி, பாட்டை எழுதியவர்கள் பட்டியலில் இருவர் பெயரும் ஏறியது.

இதன் மறுபக்கம் 1980இல் குவீன் குழுவின் ‘அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்’. அந்தக் குழுவின் பேஸ் கலைஞர் ஜான் டீக்கன் ஷீக் குழுவினரோடு ஸ்டுடியோவில் நேரம் செலவிட்டவர். அவர் எழுதிய பேஸ் லைனும் ஒரே சுரத்தில் மூன்று அடியோடுதான் தொடங்குகிறது. ஆனால் அடுத்து வேறு வழியில் போகிறது, பாட்டும் வேறு. அதில் ஷீக் பெயர் இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், பத்து பக்கம் படித்தாலும் புரியாத வித்தியாசம் காதில் விழும். (ஷீக்கும் கடன் வாங்காதவர்கள் இல்லை. ‘குட் டைம்ஸ்’ வரிகளில் 1929ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றின் தலைப்பே வருகிறது. ஒரு சொற்றொடரை எடுப்பது வேறு, பாட்டின் முதுகெலும்பை எடுப்பது வேறு.)

சரி, நம் நாட்டுக்கு வருவோம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி இசையமைப்பு தனி, ஒலிப்பதிவு தனி. சாம்பிள் எடுத்தால் இரண்டுக்கும் அனுமதி வேண்டும். நீங்களே வாசித்தால் ஒலிப்பதிவு உரிமை மட்டும்தான் விலகும். இசையமைப்பு உரிமை அப்படியே நிற்கும். அது ஆசிரியரின் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டு. இருவர் சேர்ந்து செய்ததென்றால் கடைசியாக இறப்பவரிலிருந்து கணக்கு. எட்வர்ட்ஸ் 1996இல் டோக்கியோவில் காலமானார். ஆனால் ராட்ஜர்ஸ் இன்றும் மேடையேறிக்கொண்டிருக்கிறார், ஆக அந்த 60 ஆண்டு இன்னும் தொடங்கவே இல்லை. "முப்பது விநாடிக்குள் இருந்தால் பரவாயில்லை", "ஏழு சுரம் வரை எடுக்கலாம்" என்றெல்லாம் உலவுவது வெறும் கட்டுக்கதை. சட்டத்தில் அப்படி ஒரு அளவு கிடையாது.

பாணியை எடுத்துக்கொள்ளலாமா? பொதுவாக, தாராளமாக. கார்டு வரிசை, வேகம், கிட்டாரை அமுக்கி வாசிக்கும் முறை, கருவிகளை விலக்கித் திரும்பக் கொண்டுவரும் உத்தி எதுவும் தனியொருவர் சொத்தில்லை. ஆனால் சாயல் அளவுக்கு மீறினால் அதுவும் சிக்கல்தான். மார்வின் கே 1977இல் தந்த ஒரு ஃபங்க் பாட்டின் சாயலுக்காக, ‘ப்ளர்ட் லைன்ஸ்’ பாட்டை எழுதிய ராபின் திக், ஃபாரல் வில்லியம்ஸ் மீது 2015இல் லாஸ் ஏஞ்சலஸ் ஜூரி சுமார் 74 லட்சம் டாலர் விதித்தது. பிறகு தொகை குறைந்தது, ஆனால் தீர்ப்பு 2018இல் மேல்முறையீட்டிலும் நின்றது. அதை ஏற்காத இசைக்கலைஞர்கள் ஏராளம், நானும் அந்தக் கட்சிதான். ஆனாலும் "அந்தப் பாட்டு மாதிரியே வேணும் சார்" என்று வாட்ஸ்அப்பில் எழுதிவைக்காதீர்கள் என்று சொல்வேன்.

என்னிடம் வருமுன் இவற்றைச் செய்யுங்கள். எந்தப் பாட்டை மனதில் வைத்து அமைத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். இணையத்தில் எடுத்த லூப் (திரும்பத் திரும்ப ஓடும் ஒலித்துண்டு) என்றால் அதன் உரிம விதியைச் சேமித்து வையுங்கள். பழைய லைன் வேண்டியே தீர வேண்டுமென்றால், இசை உரிமை வைத்திருக்கும் பதிப்பாளருக்கு மிக்ஸிங்குக்கு முன்பே எழுதுங்கள், பாட்டு வெளியான பிறகு அல்ல. பதில் வரவில்லையென்றால் அதே இரண்டு கார்டை வைத்துக்கொண்டு புது லைன் போடலாம். இடைவெளியை மட்டும் நிரப்பிவிடாதீர்கள்.